லென்ஸுக்கு முன் வெளிச்சம்: மேக்ரோ ஒளிப்படத்தில் முதல் அடிகள்

மும்பையை அடுத்த தாணே நகரில், ஏழாவது மாடியில் உள்ள எங்கள் வீட்டு பால்கனியில் நான்கு தொட்டிகள் இருக்கின்றன. ஒன்றில் கறிவேப்பிலை, ஒன்றில் எலுமிச்சை, ஒன்றில் துளசி, நான்காவதில் எங்கிருந்து வந்தது என்று எங்களுக்கே தெரியாத ஒரு கொடி. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஜூன் மாதக் காலையில், கறிவேப்பிலை கிள்ளச் சென்ற என் மனைவி, இலையின்மீது காக்கை எச்சமிட்டிருக்கிறது என்று சொல்லித் துடைக்கத் துணியை எடுத்தார். எச்சம் நகர்ந்தது.

அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் இளம் புழு. பறவைகளின் கண்ணிலிருந்து தப்புவதற்காகப் பறவையின் எச்சத்தைப் போலவே கருப்பும் வெள்ளையுமாக வேடம் பூண்டிருந்தது. சில நாட்களில் தோலுரித்து இலைப்பச்சை நிறத்துக்கு மாறியது. விரலால் மெல்லத் தீண்டியபோது, தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறத்தில் இருகிளையாகப் பிரிந்த ஓர் உறுப்பை நீட்டி, கடுமையான வாடையைப் பரப்பியது. சமையலறைக்கு அருகில், கைக்கெட்டும் தொலைவில், இப்படியொரு நாடகம் ஆண்டுதோறும் நடந்துகொண்டிருந்திருக்கிறது. நாங்கள் இலையை மட்டும் கிள்ளிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறோம்.

இதைப் படமெடுக்க வேண்டும் என்ற ஆசை அன்று பிறந்தது. கைப்பேசியில் எடுத்துப் பார்த்தேன். இலை தெளிவாகவும் புழு மங்கலாகவும் விழுந்தன. என்னிடம் ஏற்கெனவே ஒரு கேமராவும் அதனுடன் வந்த சாதாரண லென்ஸும் இருந்தன. அவற்றாலும் முடியவில்லை. எனவே, அரை லட்சம் ரூபாயைத் தாண்டும் மேக்ரோ லென்ஸ் ஒன்றைக் கடன் அட்டையில் பன்னிரண்டு மாதத் தவணைக்கு வாங்கினேன். அது வந்து சேர்ந்த அன்று மாலையே ஏறத்தாழ இருநூறு படங்கள் எடுத்தேன். கணினியில் திறந்து பார்த்தபோது பாதி இருட்டாக இருந்தன, மீதி அசைந்திருந்தன. மறுநாளும் அதற்கடுத்த நாளும் அதே கதைதான். நான்காம் நாள் அந்தப் புழு தண்டோடு தன்னைப் பிணைத்துக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிட்டது. அதன் நல்ல படம் ஒன்றுகூட இன்றுவரை என்னிடம் இல்லை.

எனக்குக் குறைவாக இருந்தது லென்ஸ் அன்று, வெளிச்சம் என்பது விளங்க மேலும் நான்கு மாதங்கள் ஆயின. அந்தக் குறையைத் தீர்த்த பொருளின் விலை, நான் கட்டிக்கொண்டிருந்த ஒரு மாதத் தவணையைவிடக் குறைவு. இந்தக் கலையில் புதிதாக நுழைய எண்ணும் வாசகர்கள் நான் நடந்த வரிசையைத் தலைகீழாக்கி நடந்தால் பணமும் மிஞ்சும், புழுவும் படத்தில் விழும்.

ஒரு ரூபாய் நாணயம் சொல்லும் கணக்கு

'மேக்ரோ' என்ற சொல் விளம்பரங்களில் தாராளமாகப் புழங்குகிறது. அதற்குத் துல்லியமான ஒரு பொருள் உண்டு. படமெடுக்கப்படும் பொருள், கேமராவின் சென்சார்மீது தன் உண்மையான அளவிலேயே விழுமானால் அது ஒன்றுக்கு ஒன்று என்ற உருப்பெருக்கம். முழுச்சட்டக் கேமராவின் சென்சார் 36 மி.மீ. அகலமும் 24 மி.மீ. உயரமும் கொண்டது. 2011-ஆம் ஆண்டு வரிசையைச் சேர்ந்த நம் ஒரு ரூபாய் நாணயத்தின் விட்டம் ஏறத்தாழ 22 மி.மீ. ஆகவே, ஒன்றுக்கு ஒன்று உருப்பெருக்கத்தில் அந்த நாணயம் சட்டத்தின் மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் தொட்டும் தொடாமலும் நிறைந்து நிற்கும். சற்றே சிறிய ஏபிஎஸ்-சி வகைச் சென்சாரின் உயரம் 16 மி.மீ.க்கும் குறைவு, அதில் நாணயத்தின் மேலும் கீழும் வெட்டுப்படும்.

உங்களிடம் உள்ள லென்ஸ் எவ்வளவு நெருங்கும் என்பதை அறிய வேறு சோதனை வேண்டாம். ஒரு நாணயத்தை மேசைமீது வைத்து, லென்ஸ் அனுமதிக்கும் மிகக் குறைந்த தொலைவிலிருந்து படமெடுங்கள். சட்டத்தின் உயரத்தில் நாணயம் கால் பகுதியைத்தான் பிடிக்கிறது என்றால், உங்கள் லென்ஸின்மீது 'மேக்ரோ' என்று பொறித்திருந்தாலும் அது மேக்ரோ அன்று. வாங்கும்போது பெட்டிமீது உள்ள சொல்லைப் பார்க்காமல், விவரக்குறிப்பில் 'அதிகபட்ச உருப்பெருக்கம்' என்ற இடத்தில் உள்ள எண்ணைப் பாருங்கள். 1 என்றிருந்தால் அது மெய்யான மேக்ரோ, 0.5 என்றிருந்தால் பாதி. பூக்களுக்கும் வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்தப் பாதியே போதும். எறும்புக்கும் சிலந்திக்கும் போதாது.

இந்த எண்ணை எட்டுவதற்கு விலையுயர்ந்த லென்ஸைத் தவிர மூன்று எளிய வழிகள் உள்ளன. முதலாவது, எக்ஸ்டென்ஷன் டியூப் எனப்படும் வெற்று வளையம். உள்ளே கண்ணாடி ஏதும் இல்லை. கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவே பொருத்தினால் லென்ஸ் முன்னோக்கித் தள்ளப்பட்டு, பொருளை மேலும் நெருங்க முடிகிறது. கணக்கு எளிது: வளையத்தின் நீளத்தை லென்ஸின் குவியத் தொலைவால் வகுத்தால் கூடுதலாகக் கிடைக்கும் உருப்பெருக்கம் வரும். 50 மி.மீ. லென்ஸுக்குப் பின் 25 மி.மீ. வளையம் வைத்தால் 0.5 கூடும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் மின்தொடர்பைக் கடத்தும் வளையத்தை வாங்குங்கள். அது சில ஆயிரம் ரூபாய் ஆகும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வெற்று உலோக வளையங்களில் இன்றைய லென்ஸ்களின் துளையைக் கட்டுப்படுத்த இயலாது.

இரண்டாவது, லென்ஸின் முகப்பில் மாட்டும் அண்மைக் கண்ணாடி. பூச்சிகளைப் படமெடுப்போர் பலர் பயன்படுத்தும் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்பது 8 டயாப்டர் திறன் கொண்டது. அதாவது அதன் குவியத் தொலைவு 125 மி.மீ. வீட்டில் 200 மி.மீ. வரை நீளும் ஜூம் லென்ஸ் இருந்தால், 200-ஐ 125-ஆல் வகுத்துப் பாருங்கள்: 1.6 மடங்கு! என் தவணை லென்ஸைவிட அதிகம். கவ்வியால் ஒரு நொடியில் மாட்டலாம், கழற்றலாம். இன்று மீண்டும் தொடங்குவதாக இருந்தால் நான் இதைத்தான் முதலில் வாங்குவேன்.

மூன்றாவது வழி, பழைய 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத் திருப்பி மாட்டுவது. அதற்கான வளையம் மிக மலிவு. உருப்பெருக்கம் ஏறத்தாழ ஒன்றுக்கு ஒன்றை நெருங்கும். துளையைக் கையால் திருகும் வளையமுள்ள பழைய லென்ஸாக இருந்தால் நல்லது. ஆனால் லென்ஸின் பின்புறம் மழைக்கும் தூசிக்கும் திறந்து கிடக்கும். எங்கள் ஊர் ஜூலை மாதத்துக்கு அது ஏற்றதன்று.

ஒரு மில்லிமீட்டர் உலகம்

என் முதல் இருநூறு படங்கள் ஏன் பாழாயின என்பதற்கு வருகிறேன். இதைப் புரிந்துகொண்டால் எதை வாங்குவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

உருப்பெருக்கம் கூடக் கூட, படத்தில் தெளிவாக விழும் பகுதியின் ஆழம் சுருங்குகிறது. முழுச்சட்டக் கேமராவில் ஒன்றுக்கு ஒன்று அளவில் எஃப்/8 துளையில் எடுத்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக இருப்பது ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். புழுவின் ஒரு கண் தெளிவாக இருந்தால் மறு கண் மங்கலாகிவிடும். துளையை எஃப்/16 வரை சுருக்கினால் ஆழம் இரண்டு மில்லிமீட்டரை நெருங்கும். ஆனால் அதற்குமேல் சுருக்கினால் ஒளி விளிம்பில் வளைந்து சிதறி, படம் முழுவதுமே கூர்மை இழக்கும். எஃப்/8 முதல் எஃப்/13 வரை என்பதே நான் நின்றுவிட்ட இடம்.

அடுத்த இடி வெளிச்சத்தின்மீது விழுகிறது. லென்ஸ் பொருளை நெருங்க நெருங்க, சென்சாரை அடையும் ஒளி குறைந்துகொண்டே போகிறது. ஒன்றுக்கு ஒன்று அளவில் அது நான்கில் ஒரு பங்காகிவிடும். நீங்கள் எஃப்/8 என்று வைத்தாலும் வெளிச்சக் கணக்கில் அது எஃப்/16. நண்பகல் வெயிலிலேயே ஐஎஸ்ஓ 100-இல் நூற்றில் ஒரு பங்கு வினாடி ஷட்டரைத் திறந்துவைக்க வேண்டிவரும். மழைக்கால மேகமூட்டத்தில், பால்கனி நிழலில், அந்த வெளிச்சத்தில் பதினாறில் ஒரு பங்குதான் இருக்கிறது என்று கொண்டால் ஆறில் ஒரு பங்கு வினாடி. அவ்வளவு நேரம் காற்று நிற்காது, புழு நிற்காது, ஐம்பதைத் தாண்டிய என் கையும் நிற்காது. உருப்பெருக்கம் பொருளை மட்டுமா பெருக்குகிறது? நடுக்கத்தையும் சேர்த்தே பெருக்குகிறது.

முக்காலி வாங்கினேன். நாணயத்துக்கும் நகைக்கும் அது அருமையான துணை. பால்கனியில் நான் மூன்று கால்களையும் விரித்து, திருகி, நிமிர்ந்து பார்ப்பதற்குள் சிலந்தி அடுத்த தொட்டிக்குப் போயிருக்கும். ஐஎஸ்ஓவை 6400-க்கு ஏற்றிப் பார்த்தேன். புழுவின் தோல் எது, மணல்மணலாகத் தெரியும் இரைச்சல் எது என்று பிரித்தறிய முடியவில்லை.

ஃபிளாஷ் என்னும் ஷட்டர்

யேவூர் குன்றுப் பகுதியில் மழைக்கால நடை ஒன்றில் சந்தித்த இளைஞர் ஒருவர் என் துயரத்தைக் கேட்டுவிட்டு, தம் கேமராவை என் கையில் கொடுத்தார். பழைய கேமரா, சாதாரண லென்ஸ், முகப்பில் அண்மைக் கண்ணாடி. மேலே ஒரு மலிவான ஃபிளாஷ். அதன்முன் வெள்ளைப் பிளாஸ்டிக் டப்பாவின் மூடி ஒன்று ரப்பர் வளையத்தால் கட்டப்பட்டிருந்தது. "அங்கிள், ஒரு படம் எடுத்துப் பாருங்கள்" என்றார். கையில் பிடித்தபடியே இலைமேல் இருந்த வண்டு ஒன்றை எடுத்தேன். அதன் முதுகில் இருந்த புள்ளிக் குழிகள் ஒவ்வொன்றும் தெரிந்தன.

அவர் விளக்கியதைச் சுருக்கிச் சொல்கிறேன். கேமராவை முழுக் கையாள் முறையில் வையுங்கள்: ஷட்டர் 1/160, துளை எஃப்/11, ஐஎஸ்ஓ 200. ஃபிளாஷை அணைத்துவிட்டு ஒரு படம் எடுங்கள். அது கிட்டத்தட்டக் கருப்பாக வரவேண்டும். இப்போது ஃபிளாஷைப் பதினாறில் ஒரு பங்கு திறனில் எரியவிட்டு மீண்டும் எடுங்கள். படத்தில் உள்ள வெளிச்சம் அனைத்தும் ஃபிளாஷிலிருந்து மட்டுமே வந்தது. குறைந்த திறனில் அது ஒளிரும் நேரம் ஒரு வினாடியின் பல ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே, ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும், படம் பதிவது அந்தக் கண்சிமிட்டல் நேரத்தில்தான். கைநடுக்கமும் காற்றும் அதற்குள் ஒன்றும் செய்துவிட முடியாது.

இதற்குத் தானியங்கி வசதிகள் நிறைந்த விலையுயர்ந்த ஃபிளாஷ் தேவையில்லை. திறனைக் கையால் மாற்றும் வசதியுள்ள எளிய ஃபிளாஷ் போதும். படம் இருண்டால் திறனை ஒரு படி ஏற்றுங்கள், வெளிறினால் இறக்குங்கள். பத்துப் படங்களில் கை பழகிவிடும். நல்ல மறுமின்னேற்ற பென்டார்ச் செல்கள் எட்டு வைத்துக்கொள்ளுங்கள்: நான்கு ஃபிளாஷில், நான்கு பையில். லென்ஸின் முகப்பில் வட்டமாகப் பொருந்தும் வளைய ஃபிளாஷை நான் பரிந்துரைக்கமாட்டேன். பல் மருத்துவருக்கு அது உதவும். பூச்சிக்கு நிழலே இல்லாத தட்டையான முகத்தையும் கண்ணுக்குள் ஒரு வெள்ளை வளையத்தையும் தரும். எல்இடி விளக்குகள் அசையாப் பொருளுக்கு நன்று. அசையும் பொருளுக்கு அவற்றின் ஒளி போதாது. குவியம் பார்ப்பதற்குச் சிறு டார்ச்சாக மட்டும் ஒன்று வைத்துக்கொள்ளலாம்.

மிட்டாய் டப்பாவும் பட்டர் பேப்பரும்

ஃபிளாஷ் வாங்கிய மகிழ்ச்சி ஒரே நாளில் வடிந்தது. வண்டின் முதுகில் வெள்ளை வெளேரென்று ஒரு பொட்டு. அதைச் சுற்றிக் கரிய நிழல். பளபளப்பான உடல் கொண்ட பூச்சி ஒரு கண்ணாடி. தன்மேல் படும் விளக்கின் உருவத்தை அப்படியே காட்டிக்கொடுக்கும். விளக்கு சிறிதாக இருந்தால் பொட்டு, பெரிதாக இருந்தால் மென்மையான பளபளப்பு.

இங்கே 'பெரிது' என்பது சென்டிமீட்டர் கணக்கன்று. பூச்சியின் கண்ணிலிருந்து பார்த்தால் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்ற கணக்கு. அரை மீட்டர் தொலைவில் உள்ள ஃபிளாஷின் முகம் அதற்கு ஒரு புள்ளி. அதே ஒளியை ஒரு தாள்மீது பரவவிட்டு, அந்தத் தாளைப் பூச்சிக்குப் பத்து சென்டிமீட்டர் அருகில் பிடித்தால், அதற்கு அது மேகம் மூடிய வானம். ஒளியைப் பரப்பும் இந்தத் திரைக்கு டிஃப்யூசர் என்று பெயர். கடைகளில் ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் டிஃப்யூசர்கள் உள்ளன. நான் செய்தது இது: மிட்டாய் வாங்கிய பால்வெள்ளை நிற பிளாஸ்டிக் டப்பாவை நீளவாக்கில் பாதியாக வெட்டி, லென்ஸின்மேல் குடைபோலக் கவிழ்த்தேன். உட்புறம் சமையலறையிலிருந்து எடுத்த பட்டர் பேப்பர் ஒரு தாள். ஃபிளாஷுக்கும் டப்பாவுக்கும் நடுவே நான்கு விரல் இடைவெளி. அந்த இடைவெளியில்தான் ஒளி விரிகிறது. ஃபிளாஷின் முகத்தில் தாளை நேரடியாக ஒட்டினால் ஒளி குறையுமே தவிர மென்மையாகாது. முதல் மூன்று டப்பாக்கள் வீண். நான்காவது இன்றும் உழைக்கிறது. வீட்டில் இனிப்பு வாங்கும் வழக்கம் கூடிவிட்டதற்கு அந்த மூன்றே காரணம் என்று என் மனைவி நம்புகிறார்.

கீழ்ப்புற நிழல் கடுமையாக இருந்தால் ஒரு துண்டுத் தெர்மாகோலைப் பூச்சிக்குக் கீழே பிடித்தால் ஒளி திரும்பி ஏறும். பின்னணி கருப்பாக விழுவது இன்னொரு புகார். விளக்கிலிருந்து தொலைவு பத்து மடங்கானால் ஒளி நூறில் ஒரு பங்காகிவிடும். பூச்சி விளக்கிலிருந்து பத்து சென்டிமீட்டரிலும் பின்சுவர் ஒரு மீட்டரிலும் இருந்தால் சுவர் கருப்பாகத்தான் விழும். பூச்சிக்குப் பின்னால் ஒரு சாண் தொலைவுக்குள் ஓர் இலை வரும்படி நிற்கும் கோணத்தைத் தேர்ந்தெடுங்கள். நள்ளிரவுப் படம் நண்பகல் படமாகிவிடும்.

பூச்சிகளைப் பிடிக்காதவர்களும் உண்டு. அவர்களுக்கு மேசைமேல் பயிற்சி இருக்கிறது. பழைய நாணயத்தை எடுங்கள். விளக்கை நேர் மேலே வைத்தால் எழுத்துகள் தட்டையாகத் தெரியும். மேசையோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் தாழ்த்திப் பாருங்கள்: தேய்ந்துபோன ஆண்டுக் குறியும் நிழல் எறிந்து எழுந்து நிற்கும். தாத்தா விட்டுச்சென்ற நாணயப் பெட்டியில் எந்த ஆண்டின் காசு இருக்கிறது என்பதைக் கண்டுகொள்ள இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. மாறாக, புது நாணயத்தின் பளபளப்பு வேண்டுமானால், லென்ஸுக்கும் நாணயத்துக்கும் நடுவே ஒரு சுத்தமான கண்ணாடித் துண்டை நாற்பத்தைந்து பாகைச் சாய்வில் நிறுத்தி, பக்கத்திலிருந்து விளக்கைப் பாய்ச்சுங்கள். ஒளி கண்ணாடியில் பட்டு நேர் கீழே இறங்கி, நாணயத்தில் பட்டு நேர் மேலே திரும்பும்.

முதல் மழைக்குப் பின் மண்ணிலிருந்து வெளிவரும் தம்பலப்பூச்சியைப் பலரும் சிறுவயதில் தீப்பெட்டியில் அடைத்து விளையாடியிருப்போம். சங்கப் புலவர்கள் அதை மூதாய் என்றார்கள். இந்தி பேசுவோர் பீர் பஹூட்டி என்கிறார்கள். நாடெங்கும் மழையின் தூதராகப் பார்க்கப்படும் அந்தச் செவ்வுயிர், ஒளிப்படக் கலைஞனுக்கு ஒரு தேர்வு. கேமரா காட்டும் வெளிச்ச அளவை நம்பினால் சிவப்பு பொங்கி வழிந்து, வெல்வெட் மயிர்கள் எல்லாம் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். ஃபிளாஷை ஒரு படி குறைத்து, டிஃப்யூசரைச் சற்றே பக்கவாட்டில் நகர்த்தினால் மயிர்கள் தனித்தனியே எழும்.

பிடிக்கும் கை, விடும் கை

குவியத்தைத் தானியங்கிக்கு விடவேண்டாம். உருப்பெருக்கத்தை முதலில் நிறுத்திவிட்டு, உடலை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளிவாகும் கணத்தில் அழுத்துங்கள். முடிந்தால் இடக்கையால் பூச்சி அமர்ந்த காம்பைப் பிடித்து, அதே கையின்மேல் லென்ஸைச் சாய்த்துக்கொள்ளுங்கள். காற்று அடித்தால் பூச்சியும் லென்ஸும் சேர்ந்தே ஆடும். இந்த ஒரு உத்தி என் வெற்றிப் படங்களை இரட்டிப்பாக்கியது.

அதே உத்திதான் எனக்கு ஒரு குற்றவுணர்வையும் தந்தது. பச்சைச் சிலந்தி ஒன்று தன் முட்டைப்பையின்மேல் காவல் அமர்ந்திருந்தது. வெளிச்சம் நன்றாக விழவேண்டும் என்று கிளையை என் பக்கம் வளைத்தேன். கிளை கை நழுவி விசிறியடித்தது. சிலந்தி கீழே விழுந்து புதருக்குள் மறைந்தது. அன்று மாலைவரை திரும்பவில்லை. மறுநாள் காலையில் முட்டைப்பைமீது எறும்புகள் சாரைசாரையாக ஊர்ந்தன. படம் என்னவோ மிக நன்றாக வந்திருந்தது. அதை நான் யாருக்கும் காட்டுவதில்லை.

அதன்பின், முட்டையோடு இருக்கும் உயிரைத் தொடுவதில்லை, கிளையை வளைப்பதில்லை. வெளிச்சம் அமையவில்லை என்றால் நான்தான் இடம் மாறவேண்டும். அசையாமல் இருப்பதற்காகப் பூச்சிகளைக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் பசையிட்டு நிறுத்துவதும் சிலரிடம் உள்ள வழக்கங்கள். அதிகாலையில் சென்றால் அவை தாமாகவே குளிரில் சோர்ந்து அமர்ந்திருக்கும், பெட்டி எதற்கு? தேசியப் பூங்காக்களிலும் சரணாலயங்களிலும் கேமராவுக்கு உரிய கட்டணமும் விதிகளும் உண்டு. நுழையுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணப்பை பக்கம்

இது வங்கி வாடிக்கையாளர்களுக்கான இதழ் என்பதால் இரண்டு மூன்று சொற்கள். 'வட்டியில்லாத் தவணை' என்ற பலகையைக் கண்டு நானும் மயங்கினேன். பூஜ்ஜிய வட்டி என்ற ஒன்றே கிடையாது என்பதை 2013-ஆம் ஆண்டிலேயே ரிசர்வ் வங்கி தன் சுற்றறிக்கையில் தெளிவுபடுத்தியிருக்கிறது. கடை தரவேண்டிய தள்ளுபடி வட்டிக்கு ஈடாகிவிடும். அந்த வட்டித் தொகைக்கு 18 சதவீத ஜிஎஸ்டியும், பல இடங்களில் செயல்முறைக் கட்டணமும் தனியே சேரும். ரொக்கமாக வாங்கினால் என்ன விலை என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். வேறுபாடு அங்கேயே தெரிந்துவிடும்.

பழைய லென்ஸ் வாங்குவது நல்ல சிக்கனம். மேக்ரோ லென்ஸ்கள் எளிதில் முதுமையடைவதில்லை. ஆனால் கண்ணாடியின் ஒரு பக்கத்திலிருந்து டார்ச் அடித்து மறுபக்கத்திலிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல மெல்லிய கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை. ஒரு கடையில் இதைப் பார்க்காமல் வாங்கிய லென்ஸ் ஒன்று என் அலமாரியில் காகித எடையாகக் கிடக்கிறது. மும்பை, கொச்சி, கொல்கத்தா போன்ற ஈரப்பதமிக்க ஊர்களில் நல்ல லென்ஸிலும் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பைகளோடு வைத்தால் போதும். தோல் உறைக்குள் பூட்டி வைப்பதுதான் ஆபத்து. வீட்டுக் காப்பீட்டில் கேமரா தானாகவே அடங்கிவிடும் என்றும் எண்ணவேண்டாம். வெளியே எடுத்துச்செல்லும் பொருள்களுக்குத் தனி இணைப்பு கேட்பது வழக்கம். ரசீதையும் வரிசை எண்ணையும் பத்திரப்படுத்துங்கள்.

எட்டுக் கால் எறும்பு

எங்கள் குடியிருப்பின் மாமரத்தில் முசுறு எறும்புகள் இலைகளைத் தைத்துக் கூடு கட்டுகின்றன. ஒருநாள் அவற்றில் ஒன்றைப் படமெடுத்துக் கணினியில் பெரிதாக்கியபோது கால்களை எண்ணினேன். எட்டு. மீண்டும் எண்ணினேன். எறும்பு வேடமிட்ட சிலந்தி அது. இரண்டு முன்கால்களை உணர்கொம்புகளைப்போல் உயர்த்திப் பிடித்திருந்தது. முகத்தில் இரண்டு பெரிய கண்கள் டிஃப்யூசரின் வெண்மையைப் பிரதிபலித்துக்கொண்டு என்னையே பார்த்தன. அதே மரத்தடியில் பல ஆண்டுகளாக வண்டி நிறுத்துகிறேன்.

அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த தாவும் சிலந்தி ஒன்று எங்கள் தாணே–கல்யாண் பகுதியிலிருந்தே 2021-இல் அறிவியலுக்குப் புதியதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு இசியஸ் துக்காராமி என்று பெயர். 2008 மும்பைத் தாக்குதலில் பயங்கரவாதியை வெறுங்கையால் பற்றி உயிர்நீத்த மும்பைக் காவல்துறை அதிகாரி துக்காராம் ஓம்ப்ளேயின் நினைவாக ஆய்வாளர்கள் அப்பெயரை இட்டனர். நகரத்தின் நடுவேயும் இன்னும் பெயரிடப்படாத உயிர்கள் உள்ளன. ஐநேச்சுரலிஸ்ட், இந்திய பல்லுயிர் இணையதளம் ஆகியவற்றில் நாள், இடம் ஆகிய குறிப்புகளோடு உங்கள் படங்களை ஏற்றலாம். அதற்கு அழகிய ஒரு படம் மட்டும் போதாது. மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, முகம் ஒன்று என மூன்று கோணங்கள் வேண்டும். அப்போதும் இனம் வரை உறுதி செய்ய இயலாமல் போகலாம். பல சிலந்திகளை நுண்ணோக்கியின்கீழ் வைத்தே பிரித்தறிய முடியும். நான் ஏற்றிய எண்பதுக்கும் மேற்பட்ட பதிவுகளில் பாதி இன்னும் 'சிலந்தி' என்ற அளவிலேயே நிற்கின்றன.

கைப்பேசி மட்டுமே உள்ளவர்கள் மனம் தளரவேண்டாம். தனியே 'மேக்ரோ' என்ற பெயரில் மலிவுக் கைப்பேசிகளில் வரும் சிறிய கேமராவை மறந்துவிட்டு, முதன்மைக் கேமராவின்மேல் கவ்வும் அண்மைக் கண்ணாடி ஒன்றை மாட்டுங்கள். ஜன்னலோரம், பக்க வெளிச்சம், எதிர்ப்புறம் ஒரு வெள்ளைத் தாள். நாணயமும் பூவும் நன்றாகவே வரும்.

இந்த ஆண்டு ஜூன் பதினாறாம் தேதி கறிவேப்பிலையில் மூன்று முட்டைகள் இருந்தன. மஞ்சள் நிற முத்துகள், ஒவ்வொன்றும் ஒரு மில்லிமீட்டர் அளவு. மனைவி அந்தக் கிளையில் சிவப்பு நூல் கட்டிவிட்டு, மூன்று நாட்களாக மறுபக்கத்துக் கிளையிலிருந்து மட்டும் இலை கிள்ளினார். நான்காம் நாள் விடியலில் முட்டை ஒன்று கருத்தது. எஃப்/11, 1/160, ஃபிளாஷ் பதினாறில் ஒரு பங்கு, மிட்டாய் டப்பா. தலையை வெளியே நீட்டிய புழு, முதல் வேலையாகத் தன் முட்டை ஓட்டைத் தின்னத் தொடங்கியது.